சுவரில் ஏறும் கை

முதல் தட்டு இடியப்பம் அவிந்து இறங்குவதற்குள் குணேஸ்வரியின் வலக்கை குசினிச் சுவரில் ஏறத் தொடங்கிவிடும். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி அடியெடுத்து வைக்க, மற்ற விரல்கள் சும்மா கூடவே போகும். தோள் மட்டம் வரை சுகமான ஏற்றம். அதற்கு மேல் கை கனக்கும், கமக்கட்டுக்குள் ஏதோ கயிறு இறுகுவதுபோல் இழுக்கும், முகம் சுளியும். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றுவாள். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் மா, புகையேறிக் கறுத்த சுவரில் வெள்ளைப் பொட்டாகப் பதியும். நேற்றைய பொட்டுக்கு மேலே பதிந்தால், "ம், பரவாயில்லை" என்பாள். கீழே பதிந்தால் கையைத் திருப்பிப் பார்த்து, "என்னடி, பஞ்சி பிடிச்சிட்டுதோ? எழும்படி" என்று சோம்பேறிப் பெண்ணைத் திட்டுவதுபோல் திட்டுவாள்.

அடுப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய கணவர் இரத்தினசிங்கம் பலகையில் குந்தியிருந்து இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருப்பார். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் கயிறு பிடிக்கிற மனிதர். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன கையோடு வேலைக்குச் சேர்ந்தவர். பெரிய கப்பல்களைக் கட்டிப் பழகிய அந்த மணிக்கட்டுக்கு இடியப்ப உரல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வட்டம்தான் வராது. ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் இழுபட்டுப் போகும்.

"இஞ்சேருங்கோ, இது இடியப்பமோ நங்கூரக் கயிறோ?"

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதான்."

இந்தக் கேள்வியும் பதிலும் அவர்கள் வீட்டில் ஏழு வருடமாக நடக்கின்றன. யாருக்கும் அலுக்கவில்லை. துறைமுக வாசலில் தேநீர்க்கடை வைத்திருக்கும் கனகரத்தினத்துக்கும் அலுக்கவில்லை. அவருடைய கடையில் "கோணல் இடியப்பம்" என்று கேட்டு வாங்கித் தின்னும் ஆட்களே இருக்கிறார்கள்.

உரல் கைமாறிய கதை எழுபத்திரண்டில் தொடங்குகிறது. ஒரு நாள் குளிக்கும்போது குணேஸ்வரியின் வலது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாத ஒன்றை ஏன் கிளற வேண்டும் என்று இருந்துவிட்டாள். பிறகு பொங்கல் முடியட்டும் என்றாள். மகளின் கலியாணம் முடியட்டும் என்றாள். மழை விடட்டும் என்றாள். மழையும் விட்டது, மகளும் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தாள், கட்டியும் தன் பாட்டில் வளர்ந்தது. கடைசியில் டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மகரகமைக்கு எழுதிக் கொடுத்தார். மகரகம கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஊர். புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் இங்கே அது நோயின் பெயராகிவிட்டது. "மகரகமைக்கு எழுதிட்டாங்களாம்" என்று யாரையாவது பற்றிச் சொன்னால், கேட்கிறவர்கள் வாயில் கைவைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார்கள்.

மார்பை எடுத்தார்கள். கமக்கட்டுக்குள்ளும் வழித்து எடுத்தார்கள். பிறகு கரண்ட் பிடித்தார்கள். கதிர் பாய்ச்சும் சிகிச்சைக்கு அங்கே படுத்திருந்த பெண்கள் எல்லோரும் வைத்த பெயர் அது. குணேஸ்வரிக்குச் சிங்களம் தெரியாது. கட்டிலடிக்கு வந்த நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது. நேர்ஸ் அவளைச் சுவரோரமாக நிறுத்தித் தன் இரண்டு விரல்களைச் சிலந்திபோல ஏற்றிக் காட்டினாள். "ஹெமதாம" என்றாள். விளங்கவில்லை என்று கண்டதும் சூரியன் உதிப்பதுபோல் கையை எழுப்பி, மறைவதுபோல் இறக்கி, மறுபடி எழுப்பி, "ஹெமதாம, ஹெமதாம" என்றாள். ஒவ்வொரு நாளும் என்று அர்த்தம். குணேஸ்வரி படித்த சிங்களம் அந்த ஒரு சொல்தான். அதைக் கொண்டே அவள் காலம் தள்ளுகிறாள்.

வீடு திரும்பும் நாளில் இரத்தினசிங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகத்தான் பஸ் ஏறினாள். கிடைத்தது நடைபாதையோர இருக்கை. மடியில் பை. ஏறுகிற, இறங்குகிற ஒவ்வொருவருடைய முழங்கையும் ஆறாத காயத்தில் இடித்தது. இடித்தவர்கள் யாருக்கும் தெரியாது. தெரியாதவர்களோடு சண்டை பிடிக்கவும் ஏலாது. பையைத் தூக்கி நெஞ்சில் வைத்து மறைத்தால் வலக்கை வலித்தது. ஹபரணைக்கு வருவதற்குள் அவள் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் அழாதவள்.

பார்க்க வந்தவர்கள் ஹோர்லிக்ஸ் போத்தலும் கண்ணீருமாக வந்தார்கள். "அந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். "என்ன அந்த வருத்தம், இந்த வருத்தம்? கேன்சர் எண்டு சொல்லுங்கோ. பேரைச் சொன்னா உங்களில வந்து ஒட்டிக்கொள்ளாது" என்றாள். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். இடியப்பம் எடுத்துக்கொண்டிருந்த கடைகள் ஒவ்வொன்றாக நின்றன. கனகரத்தினம் மட்டும் நிறுத்தவில்லை. தட்டு வந்து இறங்கியதும், கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, எல்லோர் முன்னாலும் தான் முதலில் நாலு இடியப்பத்தைச் சொதியில் தோய்த்துச் சாப்பிடுவார். அதுபற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மனிதருக்காகவே குணேஸ்வரி இன்றுவரை சம்பலுக்குத் தேங்காய் குறைப்பதில்லை.

ஒப்பரேசனுக்குப் பிறகு அவளுடைய வலக்கை வீங்கி, இடக்கையைவிடத் தடித்துவிட்டது. பகலில் பழைய வேட்டியைக் கிழித்து, விரலில் தொடங்கி முழங்கை தாண்டிச் சுற்றியிருப்பாள். நீராவிப் பக்கம் அந்தக் கையைக் காட்டமாட்டாள். அந்தக் கையில் ஊசி போட எவரையும் விடமாட்டாள். சட்டைக்குள் வலது பக்கத்தில் இருப்பது இலவம்பஞ்சு அடைத்த ஒரு சின்னப் பை. முதலில் வெறும் பஞ்சுதான் வைத்தாள். அது மத்தியானத்துக்குள் கழுத்தடிக்கு ஏறிவிடும். இரத்தினசிங்கம் யோசித்துப் பார்த்துவிட்டு, வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பஞ்சுக்கு நடுவில் ஈயத்தை வைத்துத் தைத்ததும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "என்ர மனுசன் கப்பலைக் கட்டினவர். இதைக் கட்டத் தெரியாதோ?" என்று பெண்களுக்குள் இருக்கும்போது சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பெண்கள் எப்படி வரத் தொடங்கினார்கள் என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒரு நாள் மீன் விற்கும் பூரணி படலையடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நின்றாள். பிறகு உப்புவெளியில் இருந்து தங்கரத்தினம் ரீச்சர், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு. வாய்க்கு வாய் கதை போய், மார்பில் கட்டி என்றால் துறைமுகத்தடிக் குணேஸ்வரி வீடு என்று ஆகிவிட்டது. அவள் யாருக்கும் மருந்து சொல்வதில்லை. "மருந்து டொக்டர் தருவார். நான் கூட வாறன்" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய வைத்தியம்.

கூடப் போவதற்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. வருத்தக்காரிக்கு யன்னல் பக்கம்; கூடப் போகிறவளுக்கு நடைபாதைப் பக்கமும் பையும். பன் புல்லால் இழைத்த பெரிய பை. அதற்குள் துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல், கமக்கட்டுக்குள் வைக்க ஒரு குட்டித் தலையணை. பையை மடியில் வைத்து, இடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இடது தோளைக் கொடுத்து, கொழும்பு வரை வேலிபோல இருப்பாள். யன்னலடியில் இருப்பவள் வெளியே பார்த்துக்கொண்டு அழலாம், நித்திரை கொள்ளலாம், எதுவும் கேட்கமாட்டாள்.

கேட்பதெல்லாம் அதற்கு முன்பே கேட்டிருப்பாள். "வீட்டில கிணறு எந்த மாதிரி? துலாவோ, கப்பியோ? சமையல் ஆர்? எந்தக் கையால சீப்புப் பிடிச்சுத் தலை இழுக்கிறனீ?" கேட்டுவிட்டு ஆளுக்கு ஏற்றமாதிரி ஒரு வழி பண்ணுவாள். ரீச்சருக்குக் கரும்பலகையின் மேல்வரியைக் குறி வைத்தாள். "அந்த வரியில நீங்கள் திகதி எழுதுற அண்டைக்கு எனக்குச் சொல்லியனுப்புங்கோ" என்றாள். பூரணிக்குச் சுவர் வேலை சரிவரவில்லை. நாள் முழுக்கத் தெருவில் நடக்கிறவள். தலைக்கூடையை வலக்கையால் பிடிப்பதை விட்டு இடக்கைக்கு மாறச் சொல்லி, அதற்கு ஒரு கிழமை வெறுங்கூடையோடு வாசலில் நடக்க விட்டாள். வெறுங்கூடையோடு போகும் மீன்காரியைப் பார்த்து ஒழுங்கை முழுக்கச் சிரித்தது.

ஜெமீலாவுக்காக முதலில் வந்தவர் அவளுடைய கணவர் தாஹிர். கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணி. களப்பில் இறால் பிடிக்கிறவர். படலைக்கு வெளியே நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்கட ஊட்ல... அவக்கு..." என்று இழுத்தார்.

"மார்பில கட்டியோ?"

"ஓம்."

"அதுக்கேன் தம்பி நிலத்தைப் பாக்கிறீங்கள்? நிலத்துக்கோ வருத்தம்? நாளைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஜெமீலாவுக்கு முப்பது வயதுகூட இல்லை. குணேஸ்வரியின் உயரம்தான், அவளில் பாதி உடம்பு. போன வருடம் ஒப்பரேசன் முடிந்து, கரண்டும் பிடித்து, அவளும் குணேஸ்வரியும் திரும்பி வந்தார்கள். பிறகு சத்தமே இல்லை. சந்தைக்கு வரும் தாஹிரிடம் கேட்டால், "கை எழும்புதில்ல அக்கா" என்றார். கேட்டவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி, துறையில் இறங்கி, பாதையில் நின்றபடி களப்பைக் கடந்து போனாள். பாதை என்பது வாகனங்களையும் சனத்தையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துவிடும் தட்டையான படகு. வழி முழுக்கச் சொல்லப்போகும் ஏச்சை மனதில் அடுக்கிக்கொண்டே போனாள்.

"நேர்ஸ் காட்டித் தந்தவதானே? நான் பக்கத்திலதானே நிண்டனான்? ஓம் ஓம் எண்டு தலையாட்டினனீயே. ஹெமதாம எண்டு எத்தினைதரம் சொன்னவ! எங்க, சுவரில ஏத்திக் காட்டு, பாப்பம்."

ஜெமீலா அசையவில்லை. குணேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துச் சுவருக்கு இழுத்தபோதுதான் பார்த்தாள். சுவர் இல்லை. நாலு பக்கமும் தென்னோலைக் கிடுகு. விரலை வைத்தால் விரல் உள்ளே போகும். குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்து, அடக்கமுடியாமல் கிடுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெமீலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழத் தொடங்கினாள்.

"அவ்வளவு பேருக்கு முன்னுக்கு எங்கட ஊட்ல சுவர் இல்ல எண்டு எப்பிடிச் செல்ற அக்கா? அதான் ஓம் எண்ட."

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய உண்மையான குறையைச் சொன்னாள். "எனக்கு இறால் உரிக்க ஏலும். சோறாக்க ஏலும். தலைக்கு முந்தானையப் போடத்தான் கை வருதில்ல. ஆராவது வாசலுக்கு வந்தா மகளக் கூப்பிட்டு, அவ வந்து போட்டுடணும். சின்னப் பிள்ளையா நான், ஒராள் உடுத்திவிட?"

குணேஸ்வரி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கதவு நிலை மட்டும் பாலை மரத்தில் செய்தது. தாஹிரின் வாப்பா காட்டில் வெட்டிக் கொண்டுவந்ததாம். அதில் தன் வலக்கையை வைத்து விரல்களை ஏற்றினாள். போகக்கூடிய மட்டும் ஏற்றி, அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு அடுப்புக்கரி கொண்டுவரச் சொன்னாள். விரல் நுனிக்கு நேரே இழுத்துத் தடிப்பாக ஒரு கோடு போட்டாள்.

"இது என்ர கை. இண்டை வரைக்கும் ஏறி ஏறி வந்த இடம். உன்ர முந்தானை எல்லாம் இதுக்குக் கீழதான். இதை நீ தொடுற அண்டைக்கு எனக்கு ஆட்டிறைச்சியும் சோறும்."

அன்றிலிருந்து சந்தையில் இறால் கூடையோடு வரும் தாஹிர், தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே கூவுவார்: "அக்கோய், நாலு விரல் கீழயாம்!" அடுத்த மாதம், "ரெண்டு விரல்!" அவர் இறாலின் அளவைச் சொல்கிறாரா, என்ன சொல்கிறார் என்று சந்தைக்காரர்களுக்கு விளங்கவில்லை.

ஐப்பசி கழிந்து கார்த்திகை மழை பிடித்தபோது, குணேஸ்வரியின் சுவரில் பொட்டுகள் இறங்கத் தொடங்கின. முதலில் மழைக் குளிர் என்று நினைத்தாள். கையைத் திட்டிப் பார்த்தாள். எண்ணெய் போட்டுப் பார்த்தாள். பொட்டு நேற்றையதற்குக் கீழே, அதற்கும் கீழே என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை வேட்டித் துணியைச் சுற்றும்போது, காறை எலும்புக்கு மேலே, குழியில், பயறளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. நோகவில்லை.

நோகாத கட்டி என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பெண்களுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள். பூரணியை, "மீன் விக்கிறதைப் பிறகு பாக்கலாம், முதல் நீ இருக்கோணும்" என்று அடிக்காத குறையாகக் கொண்டுபோனவள். இப்போது மழை விடட்டும் என்றாள். பொங்கல் முடியட்டும் என்றாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனதுக்குள்தான். பழைய சாட்டுகள் எல்லாம் ஒரு சொல் மாறாமல் அப்படியே இருந்தன.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பது வழக்கம். வருடா வருடம் அவள் நாலு கிழமை அரித்த பிறகு, பொங்கலுக்கு முதல்நாள்தான் இரத்தினசிங்கம் சுண்ணாம்புத் தூரிகையைத் தூக்குவார். குசினிப் பக்கம் அவரை எப்போதும் விடமாட்டாள், பொட்டுகள் அழிந்துவிடும் என்று. இந்த முறை மார்கழி நடுவிலேயே, "இஞ்சேருங்கோ, குசினியை முதல் அடியுங்கோ. கரி பிடிச்சுப்போய்க் கிடக்கு" என்றாள். அவர் ஆச்சரியப்பட்டார். ஆனால் பெண்சாதி சொன்ன வேலையில் காரணம் தேடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. இரண்டு பூச்சுப் பூசினார். ஏழு வருடத்துப் பொட்டுகளும் அதற்குள் போய்விட்டன. அதற்குப் பிறகு குணேஸ்வரி கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சுவரில் வைத்தாள். வெள்ளைச் சுவரில் ஒன்றும் பதியவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மாசியில் குறிஞ்சாக்கேணிப் பள்ளிவாசலில் கந்தூரி. ஊருக்கெல்லாம் சோறு போடும் நாள். தாஹிர் சந்தைக்கு வந்தபோது கூவவில்லை. கிட்டே வந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, "அக்கா, ஆட்டிறைச்சியும் சோறும் ரெடி" என்றார். அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நிறைவில் கதவு நிலையில் போட்ட கரிக்கோடு நினைவுக்கு வரவில்லை. தன் வீட்டுச் சுவரை மறைத்தவள், தன் கையின் அளவைக் களப்புக்கு அப்பால் இன்னொருத்தி வீட்டில் எழுதி வைத்திருப்பதை மறந்தே போனாள்.

போய்ச் சேர்ந்தபோது ஜெமீலா வாசலில் நின்றாள். குணேஸ்வரியைக் கண்டதும் வலக்கையால் முந்தானையை எடுத்து, மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாகத் தலைக்குமேல் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினாள். அயல் பெண்கள் மூன்று நாலு பேர் சிரித்தார்கள். பிறகு நிலையில் கையை வைத்து விறுவிறுவென்று விரல்களை ஏற்றிக் கரிக்கோட்டைத் தொட்டாள். அதற்கு மேலே அவளே போட்ட இன்னொரு சின்னக் கோடு இருந்தது. அதையும் தொட்டாள்.

"ஒங்களத் தாண்டிட்டன் அக்கா! நீங்களும் இப்ப ஏறிருப்பீங்க. வந்து தொடுங்க, ஆர் மேல எண்டு பாப்பம்."

"சோத்தைத் தா பிள்ளை முதல். பசிக்குது."

"தொட்டுட்டுத்தான் சோறு."

"பஸ்ஸில நிண்டு வந்து கை உளையுது."

"ஹெமதாம எண்டு செல்ற ஆளுக்குக் கை உளைவா?" என்று ஜெமீலா கேலி பண்ண, பெண்கள் இன்னும் சிரித்தார்கள். ஒருத்தி குணேஸ்வரியின் முதுகில் கைவைத்து அன்பாக முன்னே தள்ளினாள்.

குணேஸ்வரி நிலையில் விரல்களை வைத்தாள். தோள் மட்டம் வரை ஏறின. இன்னும் கொஞ்சம் ஏறின. அங்கே நின்றுவிட்டன. அவள் பல்லைக் கடித்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவளே போட்ட கரிக்கோடு ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் இருந்தது.

பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். ஜெமீலா மட்டும் சிரிக்கவில்லை. "சோறு ஆறுது, நீங்க போய் சஹன எடுத்து வைங்க" என்று அவர்களைக் குசினிக்கு அனுப்பினாள். எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுத்தான் சஹன். அவர்கள் போனதும் குணேஸ்வரியின் கையை மெல்லப் பிடித்து நிலையிலிருந்து இறக்கினாள்.

"எப்ப தொட்டு கை இப்பிடி?"

"கார்த்திகை."

"கட்டி இரிக்கா?"

குணேஸ்வரி கழுத்தடியில் விரலை வைத்துக் காட்டினாள். ஜெமீலா தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை உடனே எடுக்கவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"எங்களயெல்லாம் இழுத்துட்டுப் போன நீங்க, இப்பிடி..."

"பயமாக் கிடக்கு பிள்ளை" என்றாள் குணேஸ்வரி. எழுபத்திரண்டிலும் சொல்லாத சொல் அது. "முதல்தரம் ஒண்டும் தெரியாமல் போனனான். இப்ப எல்லாம் தெரியும். எந்த வாங்கில இருத்துவாங்கள், எந்தக் கதவுக்குள்ள கொண்டுபோவாங்கள் எண்டு எல்லாம் தெரியும். அதைவிட ஒண்டு. என்னைப் பாத்துத்தானே நீங்கள் எல்லாரும் வந்தனீங்கள், இவ உயிரோட இருக்கிறா, நாங்களும் இருப்பம் எண்டு. எனக்கே திரும்பி வந்திட்டுது எண்டா, பூரணி என்ன நினைப்பாள்? ரீச்சர் என்ன நினைப்பா? நீ என்ன நினைப்பாய்?"

உள்ளே தட்டுகள் சத்தமிட்டன.

"நான் ஒங்கட கையப் பாத்து வரல்ல அக்கா" என்றாள் ஜெமீலா. "நீங்க கூட வாறன் எண்ட. அதுக்குத்தான் வந்த."

சோறு சாப்பிட்டார்கள். குணேஸ்வரி இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள். பந்தயத்தில் வென்ற சோறு அல்லவா. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அரிசி மா வறுத்துக்கொண்டிருந்த இரத்தினசிங்கத்திடம் சொன்னாள். அவர் அகப்பையை நிறுத்தினார். வெள்ளை அடித்த சுவரைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மா கருகும் மணம் வந்தது.

"நான் லீவு போடுறன்" என்றார்.

"பொம்பிளை வார்ட்டுக்குள்ள உங்களை விடமாட்டாங்கள். ஜெமீலா வாறாளாம்."

"அப்ப பஸ் வரைக்கும் வாறன்."

கனகரத்தினத்திடம் இடியப்பம் கொஞ்ச நாளைக்கு வராது என்று சொன்னபோது, அவர் தேயிலைச் சாயத்தை இழுத்து ஆற்றிக்கொண்டே, "பாண் விக்கிறன். அவ வந்த பிறகு பாப்பம்" என்றார். வேறு எவரிடமும் இடியப்பம் எடுக்கமாட்டார் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்தில் கொழும்புக்குப் போகும் பஸ் நின்றது. ஜெமீலா முதல் பாதையிலேயே களப்பைக் கடந்து வந்துவிட்டாள். இரத்தினசிங்கம் தானே பிழிந்த கோணல் இடியப்பத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், பஸ்ஸின் தகரத்தைக் கப்பலைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டு நின்றார். குணேஸ்வரி பன் பையை இடக்கையில் மாட்டியபடி முதலில் ஏறினாள். இருவர் இருக்கை ஒன்றைப் பிடித்து, வழக்கப்படி நடைபாதையில் ஒதுங்கி நின்றுகொண்டு, "போ பிள்ளை, உள்ளுக்குப் போ" என்றாள்.

ஜெமீலா போகவில்லை. பின்னால் ஏறியவர்கள் நெருக்கினார்கள். கொண்டக்டர், "உள்ளுக்குப் போங்க, வழியில நிக்காதீங்க" என்று கத்தினார். ஜெமீலா வலக்கையைத் தூக்கி, சரியாமல் இருந்த முந்தானையைத் தலையில் இன்னொருதரம் சரிசெய்துகொண்டு, அசையாமல் நின்றாள்.

குணேஸ்வரி அவளைப் பார்த்தாள். இருக்கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து உள்ளே நகர்ந்து யன்னலடியில் இருந்தாள். பை அவளுடைய மடியில்தான் இருந்தது. இரண்டு கையாலும் அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். பஸ் புறப்பட்டது. இரத்தினசிங்கம் பின்னால் போனார், துறைமுகம் போனது, பாரந்தூக்கியின் நுனியும் போனது. அதற்குப் பிறகுதான் அவள் பிடியைத் தளர்த்தி, பையை இடக்கையால் தூக்கி, ஜெமீலாவின் மடியில் வைத்தாள்.